துண்டுச் சீட்டுக்கு ஒரு தீர்ப்பு

நம் மேடைகளில் ஒருவரைப் புகழ, "கையில் ஒரு குறிப்புகூட இல்லாமல் ஒரு மணி நேரம் பேசினார்" என்கிறோம். மட்டம் தட்ட, "துண்டுச் சீட்டைப் பார்த்துப் பேசுகிறார்" என்கிறோம். அரசியல் மேடையில் இரண்டாவது வாக்கியம் வசவாகவே நிலைத்துவிட்டது. இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கைதான்: நல்ல பேச்சு நாவில் தானாக ஊறி வரும், முன்கூட்டித் திட்டம் போட்டால் அதன் உயிர் போய்விடும். இது பிழையான நம்பிக்கை என்று கருதுகிறேன். ஆனால் எளிதாகத் தள்ளிவிட முடியாத நம்பிக்கை. அதன் பக்கம் வலுவான சாட்சிகள் உண்டு. போதாக்குறைக்கு, அதற்கு மாற்றாக நம் பள்ளிகள் கற்றுத்தரும் முறை, முழுப் பேச்சையும் எழுதி மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் முறை, அதைவிடக் கேடானது. ஆகவே அந்த நம்பிக்கையின் ஆகப் பெரிய சாட்சியையே முதலில் விசாரிப்போம்.

அந்தச் சாட்சி மார்ட்டின் லூதர் கிங். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் படிகளில், கறுப்பின மக்களின் உரிமைக்கான பேரணியில், ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் முன்னிலையில் அவர் பேசினார். அதற்கு முந்தைய இரவு வில்லர்டு ஹோட்டலில் ஆலோசகர்கள் அவரைச் சூழ்ந்து உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கிளாரன்ஸ் ஜோன்ஸும் ஸ்டான்லி லெவிசனும் சேர்ந்து ஒரு வரைவைத் தயாரித்திருந்தார்கள். 'கனவு' பற்றிய பகுதி பழசாகிவிட்டது, அதை விட்டுவிடுங்கள் என்றார் வயட் வாக்கர். கிங் மாடிக்குப் போய் விடியற்காலை நான்கு மணி வாக்கில்தான் எழுதி முடித்தார். பேச்சின் பிரதி பத்திரிகையாளர்களுக்கும் வழங்கப்பட்டது. இன்று உலகம் அந்தப் பேச்சை எந்தச் சொல்லால் அறிகிறதோ அந்தச் சொல், 'கனவு', அந்தப் பிரதியில் இல்லை.

மேடையில் அவர் முதல் பத்து நிமிடத்துக்கும் மேலாகப் பிரதியை ஒட்டியே பேசினார். நீதி வெள்ளமாகப் பாயும்வரை நாங்கள் நிறைவடைய மாட்டோம் என்று விவிலியத்தின் ஆமோஸ் தீர்க்கதரிசியை ஒட்டிய வரிக்கு வந்தபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்து அவர் படிக்க வேண்டியிருந்த வரியில், எல்லோரும் ஊர் திரும்பி, ஆக்கபூர்வமான அதிருப்தியை வளர்க்கும் ஒரு சர்வதேசச் சங்கத்தின் உறுப்பினர்களாகச் செயல்படுவோம் என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் யாருக்கும் அதன் கனம் தெரியும். மேசையில் எழுதிய வரி, மைதானத்தில் செல்லாது. கிங் அதைத் தாண்டினார். மிசிசிப்பிக்குத் திரும்புங்கள், அலபாமாவுக்குத் திரும்புங்கள் என்று மக்களின் ஊர்களைப் பெயர் சொல்லி அழைத்தார். பின்னால் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்ததாகவும், கிங் தாளை ஒதுக்கி வைத்ததாகவும் ஜோன்ஸ் பின்னாளில் எழுதினார். அதன்பிறகு வந்ததெல்லாம் எழுதாத பேச்சு.

ஆக, தயாரிப்பை எதிர்ப்பவர்களின் வழக்கு இங்கே முழு பலத்துடன் நிற்கிறது. எழுதிய பகுதியை வரலாற்று மாணவர்கள் மட்டும் படிக்கிறார்கள். எழுதாத பகுதியைக் குழந்தைகள்கூட அறிவார்கள்.

குறுக்கு விசாரணையில் இந்த வழக்கு தளர்கிறது. கிங் அந்தக் கனவை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார் என்பது உண்மையல்ல. 1962 நவம்பரில் வட கரோலினாவின் ராக்கி மவுண்டில், ஒரு பள்ளியின் விளையாட்டு அரங்கில், அவர் அதைப் பேசியிருக்கிறார். 1963 ஜூன் 23 அன்று டெட்ராய்ட்டில், வாஷிங்டனுக்கு இரண்டே மாதம் முன்னால், பெருங்கூட்டத்தின் முன் பேசியிருக்கிறார். பழசு என்று வாக்கர் சொன்னதன் காரணமே அதுதான். விடுதலை மணி ஒலிக்கட்டும் என்று மலை மலையாகப் பெயர் சொல்லிப் போகும் முடிவுப் பகுதியும் அன்று பிறந்ததல்ல. ஆர்ச்சிபால்டு கேரி என்ற போதகர் 1952இல் குடியரசுக் கட்சி மாநாட்டில் பேசிய பேச்சின் முடிவோடு அது நெருங்கிய உறவுடையது. வாஷிங்டனில் நடந்தது திடீர்ப் பிறப்பு அல்ல. கூட்டம் கூட்டமாகப் பேசித் தேய்த்து, எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்பதுவரை தெரிந்து வைத்திருந்த ஒரு பகுதியை, இடம் பார்த்துப் பொருத்தினார். பொருத்தும் முடிவுதான் அந்தக் கணத்தினுடையது. பொருத்தப்பட்ட பொருள் நெடுநாள் உழைப்பு.

எழுதாதது எல்லாம் தயாரிக்காதது என்று எண்ணுவதே இங்குள்ள முதல் பிழை. கிங்கின் தயாரிப்பு அந்த இரவில் தொடங்கியதும் அல்ல. க்ரோசர் இறையியல் கல்லூரியில் 1948 முதல் 1951 வரை படித்தபோது பிரசங்கக் கலைக்கான பாடங்கள் பலவற்றை அவர் எடுத்துக்கொண்டார். பிரசங்கத்தை எந்த வடிவத்தில் கட்டுவது என்பதற்கே அங்கு பெயர்கள் இருந்தன. வாதங்களைப் படிப்படியாக வலுவேற்றிக்கொண்டு போவது ஏணி. ஒரே கருத்தைப் பல கோணங்களில் திருப்பிக் காட்டுவது ரத்தினம். மேடைப் பேச்சுப் பாடத்தில் கிங் வாங்கிய மதிப்பெண் 'சி' தரத்தில்தான் இருந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. பிறவிப் பேச்சாளன் என்று நாம் போற்றும் மனிதனுக்கு ஆசிரியர்கள் நடுத்தர மதிப்பெண் போட்டார்கள். இதை வைத்து ஆசிரியர்களைப் பழிக்கலாம். எனக்கு இது வேறொன்றைச் சொல்கிறது: அந்தக் கலை அவருக்குக் கற்றதால் வந்தது.

இனி, எழுதிய பகுதி என்ன வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். கனவின் ஒளியில் அது மங்கித் தெரிவதால் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. எலும்புகளை மட்டும் எடுத்து வைத்தால் அது இப்படி நிற்கிறது. நூறாண்டுக்கு முன் லிங்கன் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். நூறாண்டு கழிந்தும் கறுப்பின மக்கள் விடுதலை பெறவில்லை. அரசமைப்பை எழுதியவர்கள் எல்லோருக்கும் உரிமை என்று ஒரு கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். கறுப்பின மக்களுக்கு மட்டும் அது பணமில்லை என்று திரும்பி வந்த காசோலை ஆனது. ஆகவே கடனை இப்போதே தீர்க்க வேண்டும், படிப்படியாக என்ற பேச்சு இனி ஏற்கப்படாது. ஆனால் உரிமையைப் பெறும் வழியில் நம் கைகளில் குற்றம் படியக்கூடாது. வெள்ளையர் எல்லோரையும் நாம் சந்தேகிக்கவும் கூடாது. எப்போதுதான் நீங்கள் நிறைவடைவீர்கள் என்று கேட்பவர்களுக்கு விடை: இன்னின்ன கொடுமைகள் ஒழியும்வரை நிறைவடைய மாட்டோம்.

இந்த வரிசையில் ஒவ்வொரு எலும்பும் முந்தையதோடு மூட்டு வைத்து இணைந்திருக்கிறது. கடன் இருக்கிறது; ஆகவே உடனே தர வேண்டும்; ஆனால் கேட்கும் முறை இதுதான். 'அடுத்ததாக' என்றோ 'மேலும்' என்றோ ஒட்டவைத்த துண்டு ஒன்றுகூட இல்லை. நடுவில் உள்ள 'ஆனால்'தான் மிகத் துணிச்சலான இடம். அங்கே அவர் அரசைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தித் தன் மக்களைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறார். கனவுக்கு எடை வந்தது இந்தக் கணக்கு வழக்கு முன்னால் முடிந்திருந்ததால்தான் என்பது என் மதிப்பீடு. கடனை நிறுவாமல் கனவை மட்டும் சொல்லியிருந்தால் அது நல்லெண்ண வாழ்த்தாகக் கரைந்திருக்கும். டெட்ராய்ட்டிலும் கனவு பேச்சின் இறுதிப் பகுதியில்தான் வந்தது. எந்தப் பகுதி எதற்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது; தாள் கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வரிசை மாறவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். எழுதிய பகுதியில் உருவகங்கள் நெரிசல் படுகின்றன. சில நிமிடங்களுக்குள் பள்ளத்தாக்கு, புதைமணல், பாறை, சூறாவளி, கசப்பின் கிண்ணம் என்று ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுகிறது. ஒன்றைக் கண்முன் கொண்டுவரும் முன்பே அடுத்தது அதை அழித்துவிடுகிறது. காசோலை மட்டும் நிற்கிறது. கொடுத்தவர், பெற்றவர், வங்கி, திரும்பி வந்த காரணம் எனப் பகுதிகள் எல்லாம் வாதத்தின் பகுதிகளோடு பொருந்துவதால் அது அலங்காரமாக இல்லாமல் வாதமாகவே ஆகிறது. நான்கு மணிவரை விழித்து எழுதியதன் தடம் அந்த நெரிசலில் தெரிகிறது. முழுப் பிரதி எழுதுவதன் ஆபத்து இதுதான்: கை எழுதும் வேகத்தில் கண்ணுக்கு அழகாகத் தெரிவதெல்லாம் உள்ளே வந்துவிடுகிறது, காது அதைத் தாங்குமா என்று கேட்க ஆளில்லை. இன்னொன்று, திட்டவட்டமான கோரிக்கைகளைத் தேடினால் இந்தப் பேச்சில் கிடைப்பது குறைவு. அந்த வேலையைப் பேரணியின் அமைப்பாளர் பேயார்டு ரஸ்டின் செய்தார். பேரணியின் கோரிக்கைகளை மேடையில் படித்தவர் அவர். 1964இன் குடிமை உரிமைகள் சட்டத்தை இந்தப் பேச்சின் கணக்கில் எழுதுவதும் மிகை. ஆண்டுக்கணக்கில் சிறை சென்றவர்களும் அடிபட்டவர்களும் அதற்குப் பின்னால் இருக்கிறார்கள்.

வாஷிங்டனைவிடத் தெளிவான சோதனை கிங்கின் வாழ்விலேயே இன்னொன்று உண்டு. தயாரிப்பு பற்றி யோசிக்கும் எவரும் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். 1955 டிசம்பர் 1 அன்று மான்ட்கமரியில் பேருந்தில் இடம் தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். டிசம்பர் 5 அன்று மாலை ஹோல்ட் தெரு தேவாலயத்தில் கூட்டம். கிங்குக்கு வயது 26. அன்றுதான் போராட்ட இயக்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் செலவிடும் வழக்கமுள்ளவருக்கு அன்று கிடைத்தது 20 நிமிடம். அதில் 5 நிமிடம் பயத்திலேயே கழிந்தது என்று அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார்.

மிச்ச நேரத்தில் அவர் வாக்கியங்களைத் தேடவில்லை. ஒரு கேள்வியைத் தேடினார். மக்களைப் போராட எழுப்பும் அளவுக்குத் தீவிரமாகவும், அந்த ஆவேசத்தை வன்முறைக்குப் போகவிடாத அளவுக்கு நிதானமாகவும் ஒரே பேச்சில் எப்படிப் பேசுவது? இந்த இரண்டையும் சேர்க்க முடியும் என்று முடிவு செய்ததும் பேச்சின் உடல் கிடைத்துவிட்டது. நடந்ததைச் சொல்வது, சகித்துச் சகித்துச் சலித்துவிட்டோம் என்பதைச் சொல்வது, ஆனால் நம் வழி அன்பின் வழி என்று திருப்புவது, அன்பு மட்டும் போதாது, அதனருகில் நீதியும் நிற்க வேண்டும் என்று முடிப்பது. பிரதியோ குறிப்போ இல்லாமல்தான் பேசினார். அன்று தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது.

"பாருங்கள், குறிப்பில்லாமல் பேசினார்" என்று இதையும் அந்தப் பக்கத்துச் சாட்சியாக ஆக்கலாம். நான் இதற்கு நேர்மாறாக வாசிக்கிறேன். 15 மணி நேரத்துக்குப் பழகிய ஒருவரிடமிருந்து கடிகாரம் எல்லாவற்றையும் பறித்தபோது அவர் கைவிடாமல் வைத்துக்கொண்டது எது என்பதே கேள்வி. அழகிய தொடர்களைத் தேடுவதை விட்டார், தாளையே விட்டார். வரிசையை விடவில்லை. பேச்சுத் தயாரிப்பில் கடைசியாகவும் விடக் கூடாதது எதுவென்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது.

இனி மனப்பாடத்தின் தரப்பு. இதற்குப் பழைய கௌரவம் உண்டு. சிசரோ வழி வந்த ரோமானிய மரபு பேச்சுக்கலையை ஐந்து பகுதியாகப் பிரித்தது: பொருள் தேடல், வரிசைப்படுத்தல், சொல்லமைப்பு, நினைவில் இருத்தல், வெளிப்படுத்தல். நினைவு அங்கே ஒரு தனிக் கலை. அந்தப் பயிற்சி பெற்றவர்களுக்கு அது கைகொடுத்தது என்பதை மறுக்க முடியாது. 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் கல்லறைத் திடலில் எட்வர்டு எவரெட் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நினைவிலிருந்தே பேசினார், தடுமாறவில்லை. ஆனால் வாழ்நாள் முழுதும் அதற்கென்றே பழகியவர் அவர்.

அந்த அளவுக்குப் பழகாதவருக்கு என்ன ஆகும்? 1904 ஏப்ரல் 22 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இளம் வின்ஸ்டன் சர்ச்சில் தொழிற்சங்கங்கள் குறித்துப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதே அப்போது அவர் வழக்கம். முடிவை நெருங்கும்போது ஒரு வாக்கியத்தின் நடுவே சரடு அறுந்தது. சட்டைப்பையைத் துழாவினார், தேடியது கிடைக்கவில்லை. கேட்டதற்கு நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு, வாக்கியங்களைக் கவிதை அடிகள்போல உடைத்துத் தட்டச்சு செய்த தாள்கள் இல்லாமல் அவர் பெரிய பேச்சுக்கு எழுந்ததில்லை. ஆங்கிலத்தின் மிகப் புகழ்பெற்ற போர்க்காலப் பேச்சுகள் அந்தத் துண்டுச் சீட்டுகளிலிருந்து வந்தவை. அதற்கும் ஒரு விலை இருந்தது. சர்ச்சிலின் பீரங்கிகள் வலியவை, ஆனால் எளிதில் நகராதவை என்ற பொருளில் கன்சர்வேடிவ் கட்சியின் பால்ஃபர் சபையில் குத்திக் காட்டினார். விவாதம் வேறு பக்கம் திரும்பிய பிறகும் எழுதி வந்த இலக்கையே சுட வேண்டியிருந்த பேச்சாளருக்கு அது பொருத்தமான விமர்சனம்.

மனப்பாடத்தின் குறை நினைவாற்றலின் குறை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். மனப்பாடத்தில் ஒரு வாக்கியத்தை அடுத்த வாக்கியத்தோடு கட்டி வைப்பது ஒலி. ஒலி அறுந்தால் பொருளைப் பிடித்து மேலேறி வர வழியில்லை. நம் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் ஆண்டுதோறும் இது நடக்கிறது. ஆசிரியர் எழுதித் தந்ததைப் பிள்ளை ஒப்பிக்கிறது. நடுவில் ஒரு சொல் நழுவுகிறது. பிள்ளை கூரையைப் பார்க்கிறது. பிறகு "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்று முதலிலிருந்து தொடங்குகிறது. நடுவிலிருந்து தொடங்க அதற்கு வழியில்லை, ஏனென்றால் அந்தப் பேச்சின் நடுப்பகுதி எதற்காக அங்கே இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் சிவப்பதைப் பார்த்துக்கொண்டு மதிப்பெண் போடும் ஏற்பாட்டை நாம் இத்தனை காலம் பொறுத்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கெட்டிஸ்பர்க்கில் அன்று எவரெட்டுக்குப் பின் பேசிய லிங்கன் ஏறத்தாழ 270 சொற்களில் முடித்தார். ரயிலில் ஒரு கடித உறையின் பின்புறம் கிறுக்கியது என்ற கதை இன்னும் உலவுகிறது. ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. அவர் கையெழுத்தில் ஐந்து பிரதிகள் எஞ்சியிருக்கின்றன. அந்தப் பேச்சையும் எலும்பாக்கிப் பார்க்கலாம். 87 ஆண்டுகளுக்கு முன் ஒரு கொள்கையின் மேல் இந்த நாடு பிறந்தது. இப்போது போர் அந்தக் கொள்கையைச் சோதிக்கிறது. இறந்தவர்களுக்கு இந்த நிலத்தை அர்ப்பணிக்க வந்திருக்கிறோம். ஆனால் அர்ப்பணிக்கும் தகுதி நமக்கில்லை, அவர்களே செய்துவிட்டார்கள். ஆகவே உயிரோடிருப்பவர்கள் எஞ்சிய பணிக்குத் தங்களை அர்ப்பணிக்க வேண்டும். ஹோல்ட் தெருவில் பார்த்த அதே 'ஆனால்' இங்கும் நடுவில் நின்று பேச்சைத் திருப்புகிறது. மையக் கருத்தை நீங்கள் இரண்டு நிமிடத்தில் நெருங்கிய அளவுக்கு நான் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தால் மகிழ்வேன் என்ற கருத்துப்பட எவரெட் மறுநாளே லிங்கனுக்கு எழுதினார்.

பயிற்சி வகுப்புகள் இன்று விற்கும் வரைவுச் சட்டகங்களில் பெரும் செல்வாக்குள்ளது அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆலன் மன்றோ 1930களில் வகுத்தது. கவனத்தை ஈர், தேவையை உணர்த்து, தீர்வைத் தா, அந்தத் தீர்வு தரும் வாழ்வைக் கண்முன் காட்டு, செயலுக்கு அழை என ஐந்து படிகள். விற்பனைக்கும் ரத்ததான முகாமுக்கும் இது போதும். பொது வாழ்வின் பேச்சுக்குப் போதாது. பழைய ரோமானிய வரைவில் இருந்த மறுப்புரைக்கு இதில் தனிப் படி இல்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் மனத்தில் என்ன ஆட்சேபம் ஓடுகிறது என்று கேட்டு, அதை நேரே எடுத்து விடை சொல்லும் படி அது. எப்போது நிறைவடைவீர்கள் என்ற கேள்வியை கிங் தானே எடுத்து மேடையில் வைத்தது அந்தப் படிதான். வள்ளுவர் சொல்வன்மையோடு நிறுத்தாமல், அவை அறிதலுக்கும் அவை அஞ்சாமைக்கும் பொருட்பாலில் தனித்தனி அதிகாரம் வைத்ததையும் இங்கே நினைக்கிறேன். அவையை அறிவது மேடையில் ஏறிய பிறகு செய்யும் வேலை அல்ல.

தமிழ் மேடைக்கே இந்த விசாரணையில் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு பொருளை எடுத்து, கட்டுக்கோப்பாக, பொதுமக்கள் முன் நின்று பேசும் வழக்கம் தமிழில் கிறித்தவப் பிரசங்க மேடை வழியே பரவியது என்று மானிடவியலாளர் பெர்னார்டு பேட் விரிவாக வாதிட்டிருக்கிறார். கிறித்தவ மிஷனரி பீட்டர் பெர்சிவலிடம் விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். எதிர்த்தரப்பின் வடிவத்தைக் கற்று அதைத் தம் சமயத்துக்குப் பயன்படுத்தினார். கிங்கை வளர்த்ததும் பிரசங்க மேடைதான். நம் மேடையின் தோற்றத்திலேயே தயாரித்த பேச்சு இருக்கிறது என்பதை மறந்துவிட்டுத்தான் சீட்டைப் பழிக்கிறோம்.

அண்ணா குறிப்பில்லாமல் பேசவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர் 1942இல் 'திராவிட நாடு' இதழைத் தொடங்கி வாராவாரம் எழுதியவர்; நாடகம் எழுதியவர்; ஊர் ஊராக மாலைதோறும் பேசியவர். அதே பொருளை எழுத்தில் ஒருமுறையும் மேடையில் பலமுறையும் அடுக்கிப் பார்த்தவருக்குச் சீட்டு தேவைப்படாதது வியப்பல்ல. ஆயத்தமின்றிப் பேசும் திறன் நெடிய எழுத்துப் பயிற்சியின் கனி என்று ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் முதலாம் நூற்றாண்டிலேயே தம் நூலின் பத்தாம் பகுதியில் சொன்னார். கனியை மட்டும் பார்த்துவிட்டுப் பயிற்சியைத் தவிர்ப்பவர்கள் அண்ணாவின் பெயரைச் சொல்வது அவருடைய உழைப்புக்குச் செய்யும் அநீதி.

ஆனால் கிங்குக்கும் அண்ணாவுக்கும் இருந்த கையிருப்பு இல்லாதவர்தான் பெரும்பாலோர். ஆகவே தீர்ப்பை அவர்களை வைத்துச் சோதிக்க வேண்டும். கிராம சபையில் மூன்று நிமிடம் பேச எழும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். பள்ளி கற்றுத்தந்தபடி அவர் எழுதினால் சீட்டில் இருப்பது: வணக்கம், தண்ணீரின் அவசியம், நம் ஊரின் நிலை, காரணங்கள், தீர்வு, நன்றி. இது தலைப்புகளின் பட்டியல். எந்தத் தலைப்பும் எதையும் சொல்லவில்லை. இதை வைத்து எழுந்தால் முதல் நிமிடம் மேடையில் உள்ளவர்களைப் பெயர் பெயராக 'அவர்களே' போட்டு விளிப்பதிலும், இரண்டாம் நிமிடம் நீரின்றி உலகில்லை என்பதிலும் போய்விடும்.

அதே சீட்டில் நான்கு முழு வாக்கியங்கள் இருக்கட்டும். கிழக்குத் தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வருகிறது. மேல்நிலைத் தொட்டி தினமும் நிரம்புகிறது, ஆகவே குறை தண்ணீரில் இல்லை, கிழக்கே போகும் குழாயில்தான். குழாய் மாற்றப் பணமில்லை என்பீர்கள், ஆனால் போன கூட்டத்தில் படித்த வரவு செலவில் இன்ன தொகை செலவாகாமல் நிற்கிறது. ஆகவே அந்தத் தொகையை இதற்கு ஒதுக்கி இன்றே தீர்மானம் எழுத வேண்டும். இந்தச் சீட்டோடு எழுபவரை யாராவது நடுவில் மறித்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். தலைவர் "ஒரு நிமிடத்தில் முடியுங்கள்" என்றால் மூன்றாவதையும் நான்காவதையும் மட்டும் சொல்லி உட்காரவும் முடியும். மறுப்புரையும் உள்ளே இருக்கிறது, கோரிக்கையும் இருக்கிறது. எழுதும்போது நான்காவது வாக்கியத்தை முதலில் எழுத வேண்டும். என்ன கேட்கப் போகிறோம் என்று தெரியாமல் அடுக்கிய வாதம் எங்கேயும் போய்ச் சேராது.

ஆகவே என் தீர்ப்பு வரைவின் பக்கம். ஆனால் எந்த வரைவும் அல்ல. முழு வாக்கியங்களால் ஆனதும், அவற்றுக்கிடையே 'ஆகவே', 'ஆனால்' என்ற மூட்டுகள் உள்ளதுமான வரைவுக்கே அது செல்லும். தலைப்புப் பட்டியலுக்குச் செல்லாது. முழுப் பேச்சையும் ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது. வாதத்தில் எங்கே ஓட்டை என்று எழுத்தில்தான் தெரியும். எழுதியதை வாய்விட்டுப் படித்து, காது தாங்காததை வெட்டி, எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டு பிரதியை வீட்டில் விட்டுவிட வேண்டும். முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், எண்கள், பெயர்கள் ஆகியவற்றைச் சீட்டில் அப்படியே எழுதிக்கொள்வதில் வெட்கமில்லை. மேடையில் முதலில் நழுவுபவை அவைதான். ஒவ்வொரு சொல்லும் கட்டுப்படுத்தும் இடங்களில், நிதிநிலை அறிக்கை, தீர்ப்பு, பொது மன்னிப்பு ஆகியவற்றில், பார்த்துப் படிப்பதே நேர்மை. குரலும் உணர்ச்சியும் கூட்டத்தின் மறுமொழியும் வரைவில் அடங்காதவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாஷிங்டனில் கிங்கைத் தூக்கியது கறுப்பினத் தேவாலயத்தின் எதிர்க்குரல் மரபு; அதை எந்தச் சீட்டும் தந்துவிடாது. அந்தக் குரல் வரும் நேரத்தில் தைரியமாகத் தாளை விட்டு விலக முடிந்ததற்குக் காரணம், வாதம் அதற்குள் சொல்லி முடிக்கப்பட்டிருந்தது.

இந்தத் தீர்ப்பைச் செயல்படுத்தப் பள்ளிப் பேச்சுப் போட்டிதான் சரியான இடம். தலைப்பை ஒரு மாதம் முன் தந்து ஒப்பிக்க வைப்பதை நிறுத்துங்கள். போட்டி அன்று காலை தலைப்பைத் தாருங்கள். ஒரு மணி நேரமும் அரைத் தாளும் தாருங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே பிள்ளை பேசட்டும். பேச்சு முடிந்ததும் நடுவர்கள் அந்த அரைத் தாளையும் வாங்கிப் பார்த்து, அதற்கும் மதிப்பெண் போடட்டும்.